ஒன்றரைக் கட்டையில் ஒரு கிட்டார்

1999-இல் மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கேசட்டை மறுநாளே திருப்பிக் கொண்டு போனேன். "அண்ணே, டேப்பு இழுக்குதுண்ணே" என்றேன். கடைக்காரர் வாங்கித் தன் செட்டில் போட்டார். அதிலும் அப்படியே இழுத்தது. "கேசட்டு நல்லாத்தான் கீது தம்பி, பாட்டே அப்டித்தான்" என்றார். நான் நம்பவில்லை. பழைய கேசட்டை என் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு திருவொற்றியூர் வரை பஸ்ஸில் முறைத்தபடி வந்தேன். கேசட் பரணுக்குப் போனது.

அது பிளாக் சபாத் குழுவின் மூன்றாவது ஆல்பம். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. மொத்தம் எட்டு டிராக், 34 நிமிடம்தான். 2025 ஜூலை 22-ஆம் தேதி அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறந்துபோனார் என்று செய்தி வந்த இரவு, போனில் அதைத் தேடிப் போட்டேன். அப்போதும் இழுத்தது! இருபத்தாறு வருஷம் கழித்து, வேறு கருவியில், வேறு காதில். அப்போதுதான் கடைக்காரர் சொன்னது உண்மை என்று உறைத்தது.

அந்த இழுவை எங்கிருந்து வந்தது, ஹெவி மெட்டல் என்கிற ராக் இசை வகையில் அந்த 'ஹெவி' என்பது சரியாக என்ன என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மேற்கத்திய சங்கீதம் தெரிந்திருக்க வேண்டாம். எனக்கும் தெரியாது. பறையும் சுருதிப் பெட்டியும் பார்த்திருந்தால் போதும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடலாம். ஹெவி என்றால் சத்தம் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தால் தூக்கம் கலையும், அவ்வளவுதான். அதே நேரத்தில் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று லோடோடு ஊர்ந்து போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், தண்ணீர் சொம்பு நகரும், நெஞ்சுக்குள் ஏதோ உட்கார்ந்து எழுந்தது போல இருக்கும். ஹாரன்தான் காதுக்குப் பெரிய சத்தம். ஆனால் கனம் டிரெய்லரில் இருக்கிறது. கீழே, மெதுவாக, விடாமல் வருவது எதுவோ அதுவே கனம். இந்த ஆல்பம் அந்த டிரெய்லர்.

கீழே என்றால் எவ்வளவு கீழே? நம்மூரில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். சாதாரணமாகச் சுருதி சேர்த்த கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினால் அது மூன்று கட்டை. வினாடிக்கு 82 முறைக்குக் கொஞ்சம் மேல் அதிரும். இந்த ஆல்பத்தின் மூன்று பாட்டுகளில், அதாவது 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்டு தி வாய்ட்' ஆகியவற்றில், கிட்டார்காரர் டோனி ஐயோமி அந்தக் கம்பியைத் தளர்த்தி ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். மற்ற கம்பிகளையும் அதே அளவுக்கு. இப்போது அது வினாடிக்கு 69 முறைதான் அதிர்கிறது. பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லரும் தன் கம்பிகளைக் கூடவே இறக்கிக்கொண்டார். பேஸ் ஏற்கெனவே கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே நிற்பது. அது இன்னும் கீழே போனால் வினாடிக்கு 35 அதிர்வு என்ற அளவில் வந்து நிற்கும். காதால் கேட்பதும் உடம்பால் உணர்வதும் ஒன்றாகிற இடம் அது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாக்மேனில் பேட்டரி தீர்ந்து கேசட் மெதுவாக ஓடினால் சுருதியும் இறங்கும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். கேசட் நூற்றுக்குப் பதினாறு பங்கு மெதுவாக ஓடினால் சுருதி எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு! ஆக, பத்தொன்பது வயதில் என் காது தப்பாகக் கேட்கவில்லை. காரணத்தைத்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டது.

கம்பியைத் தளர்த்தினால் சுருதி ஏன் இறங்குகிறது என்று கேட்டால், எங்கள் தெருவில் எந்தச் சாவு மேளக்காரரும் பதில் சொல்வார். அடிப்பதற்கு முன்னால் வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்திப் பறையைத் தீயில் காட்டுவார்கள். தோல் இறுகும், 'டண் டண்' என்று உச்சத்தில் பேசும். கொஞ்ச நேரம் கழித்துக் கடல் காற்றில் ஈரம் ஏறித் தோல் தொய்ந்தால் 'தொம் தொம்' என்று அமுங்கிவிடும். மறுபடி தீ வைப்பார்கள். கம்பியும் அப்படித்தான். இறுக்கம் ஏறினால் சுருதி ஏறும், இறுக்கம் குறைந்தால் இறங்கும். மேளக்காரர் தீ வைத்துத் துரத்துகிற அந்தத் 'தொம்'மை இந்த ஆள் வேண்டுமென்றே கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஏன்? பாட்டுக்காக மட்டும் இல்லை. விரலுக்காக.

ஐயோமி இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆஸ்டன் பகுதிக்காரர். குழுவின் நால்வரும் அந்தப் பக்கத்து உழைப்பாளிக் குடும்பங்களில் பிறந்தவர்கள்தான். ஆஸ்டனை நான் பார்த்ததில்லை. ஆனால் ஃபவுண்டரி, பட்டறை, கார் பார்ட்ஸ் கம்பெனி, ஷிப்ட் சங்கு, சுவரெல்லாம் கரி என்று படிக்கும்போது எனக்குத் தனியாகப் போட்டோ எதுவும் தேவைப்படவில்லை. பதினேழு வயதில் அவர் தகடு வெட்டி வளைக்கும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனிக்கு ஒரு குழுவோடு வாசிக்கப் போக வாய்ப்பு வந்து, வேலையை விடுகிற கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிமேல் போக வேண்டாமே என்றிருக்கிறார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்றைக்குப் பிரஸ், அதாவது தகட்டை அழுத்தி வெட்டுகிற மிஷின், அதை ஓட்டுகிற ஆள் வரவில்லை. இவரை நிற்க வைத்தார்கள். பழக்கமில்லாத மிஷின். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

வலது கைதானே, தட்டுகிற கை, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அவர் இடதுகைக்காரர். கிட்டாரைத் திருப்பிப் பிடிப்பவர். கம்பியை அழுத்துகிற கை அவருக்கு வலதுதான்.

இந்த இடத்தில் என் சித்தப்பாவைச் சொல்லாமல் போக முடியாது. வியாசர்பாடிப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினெட்டு வருஷம் இருந்தார். இடது ஆள்காட்டி விரலில் முதல் கணு இல்லை. பிரஸ்ஸுக்கு இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. கை உள்ளே இருக்கும்போது டை, அதாவது மேலேயிருந்து வந்து அழுத்துகிற அச்சு, இறங்கக் கூடாது என்பதற்காக. பீஸ் கணக்கில் கூலி என்றால் ஒரு பட்டனில் குச்சியைச் சொருகிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். வேகமாகப் போகும். யார் சொருகச் சொன்னது, யார் பார்த்தும் பார்க்காத மாதிரி போனது என்பதெல்லாம் பழைய கதை. சட்டைக் கழுத்துப் பட்டனை மட்டும் அவருக்கு இன்றைக்கும் சித்திதான் போட்டுவிடுவார். மற்றபடி எல்லாம் செய்வார்.

ஐயோமிக்கு டாக்டர்கள் கிட்டாரை மறந்துவிடச் சொன்னார்கள். தொழிற்சாலை மேனேஜர் வீட்டுக்கு வந்து ஒரு ரெக்கார்டு கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார்காரர் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிப்போய், மிச்சமிருந்த இரண்டு விரலை வைத்தே உலகம் அசந்துபோகிற மாதிரி வாசித்தவர் அவர். அதைக் கேட்டபின் ஐயோமி செய்ததுதான் பட்டறைப் புத்தி. பாத்திரம் கழுவும் லிக்விட் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, அதில் விரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். விரலுக்குத் தொப்பி ரெடி.

தொப்பி போட்ட விரலுக்கு உணர்ச்சி கிடையாது. கம்பி கீழே இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதெல்லாம் காதைக் கேட்டுத்தான் தெரியும். தடித்த, இறுக்கமான கம்பியை அந்த விரல் தாங்காது. மெல்லிய கிட்டார் கம்பி கடையில் கிடைக்காத காலம் என்பதால் பேஞ்சோ என்ற வேறொரு வாத்தியத்தின் கம்பியை வாங்கி மாட்டிக்கொண்டார். அப்புறம் சுருதியையும் இறக்கினார். மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக்கு இறக்கினால் அதே கம்பியின் இறுக்கம் சுமார் 30 சதவீதம் குறைகிறது. விரலுக்கு அந்த முப்பதுதான் முக்கியம். கேட்கிறவனுக்கு வந்து சேர்ந்த இருட்டும் கனமும் அதற்குப் பின்னாலேயே வந்தவை. பின்னாளில் கை கால் நன்றாக இருக்கிறவர்களும் இந்த ஒலிக்காகவே கம்பியைத் தளர்த்த ஆரம்பித்தார்கள். டூம், ஸ்டோனர் என்று மெட்டலில் தனித்தனிக் கிளைகள் முளைத்ததே இங்கிருந்துதான்.

கனத்துக்கு இன்னும் இரண்டு மூன்று சமாசாரம் உண்டு. கிட்டாரின் அந்தக் 'கர்ர்' சத்தம் எல்லோருக்கும் தெரியும். டிஸ்டார்ஷன் என்பார்கள். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது சவுண்ட் சர்வீஸ்காரர் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி முழுசாகத் திருகிவிடுவாரே, அப்போது அம்மன் பாட்டு ஒரு முரட்டுத்தனத்தோடு வரும் இல்லையா, அதேதான். ஆம்ப்ளிஃபயரால் தாங்க முடியாத அளவுக்கு உள்ளே அனுப்பினால் ஒலி அலையின் உச்சி தட்டையாக நறுக்கப்படுகிறது. நறுக்கிய இடத்தில் புதிதாக மேல்சுரங்கள் பிறக்கின்றன. நம்மூரில் அது பழுது. இங்கே அது வாத்தியத்தின் குரல்.

அந்தக் கரகரப்பில் நாலைந்து சுரத்தைச் சேர்த்து வாசித்தால் குழம்பாகிவிடும். இரண்டே சுரம் தாங்கும்: ச, ப. தம்புராவில் கேட்கிற அதே ச-ப. இதற்குப் பவர் கார்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் போதும். விரல் குறைந்த ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தது ரிஃப். பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்னக் கிட்டார் வரி. நம் சினிமாப் பாட்டில் மெட்டு பாடகரின் வாயில் இருக்கும், வாத்தியங்கள் அதற்குக் குடை பிடிக்கும். இங்கே தலைகீழ். ரிஃப்தான் பாட்டு. பேஸ் அதையே வாசிக்கும், டிரம்ஸ் அதன் மேலேயே விழும், பல இடங்களில் ஆஸியின் குரலும் அதே வரியில்தான் போகும். நாலு பேரும் ஒரே கல்லைத் தூக்குவது போல. மெட்டல் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் பாடகரைத் தேடித்தான் ஏமாந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன், அது ஆரம்பித்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

இசை பயங்கரமாக இருக்கிறது, பேய்ப் பாட்டு மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு கிளைக்கதை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இவர்களின் முதல் ஆல்பம் வந்தது. அதன் முதல் பாட்டில் ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம் (இரண்டு வகை ம-வில் உயர்ந்தது) என்று மூன்றே சுரம் மெதுவாக வரும். ச-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மேற்கே 'சாத்தான்' என்று சொல்லி ஒதுக்கிவைத்த கதை உண்டு. நமக்கோ மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களில் பாதி, 36 ராகம், பிரதி மத்யமத்தில்தான் நிற்கிறது. கல்யாணி அதில் ஒன்று. எங்கள் வடிவுடையம்மன் மேல் தியாகராஜர் பாடிய திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினத்தில் 'சுந்தரி நீ திவ்ய ரூபமு' கல்யாணிதான். அங்கே சாத்தான், இங்கே அம்மன், சுரம் ஒன்றுதான். பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. ப-வையும் க-வையும் கூட்டி வந்தால் மங்களம், தனியாக இருட்டில் நிறுத்தினால் பயம்.

சரி, மறுபடி கேட்டதில் எல்லாமே பிடித்ததா என்றால் இல்லை. முதல் பாட்டு 'ஸ்வீட் லீஃப்' ஒரு இருமலோடு ஆரம்பிக்கும். ஐயோமியின் இருமலைச் சுழற்சியில் போட்டிருக்கிறார்கள். பாட்டு கஞ்சாவுக்கு எழுதிய காதல் கடிதம். ரிஃப் அபாரம், சந்தேகமில்லை. ஆனால் வார்த்தைகளை இந்த வயதில் கேட்டால் சலிப்புத்தான் வருகிறது. வடசென்னை என்றாலே கஞ்சா, கத்தி என்று சினிமாக்காரர்கள் எழுதி ஒட்டிவிட்ட ஊரில் பிள்ளை வளர்க்கிறவனுக்கு அந்த இருமல் அவ்வளவு வேடிக்கையாக இல்லை. நடுவில் வருகிற 'எம்ப்ரியோ' அரை நிமிடம்தான், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

'சாலிட்யூட்' நான் எதிர்பார்க்கவே இல்லாத பாட்டு. கரகரப்பே கிடையாது. ஐயோமி புல்லாங்குழல் வாசித்திருக்கிறார். ஆஸியின் குரலா இது என்று பெயரைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். 1999-இல் இதை வேகமாக ஓட்டிவிட்டிருப்பேன். இப்போது புரிகிறது, இந்த மென்மை முன்னால் இருப்பதால்தான் அடுத்து வருகிற இடி இடியாக விழுகிறது. லோடு இல்லாத வண்டி முன்னால் போனால்தானே லோடு வண்டியின் கனம் தெரியும்.

அடுத்து வருவது 'இன்டு தி வாய்ட்'. கடைசிப் பாட்டு. காற்றும் நிலமும் கடலும் கெட்டுப்போன பூமியை விட்டுவிட்டு ராக்கெட் ஏறிப் போகிற கூட்டத்தைப் பற்றியது. பட்லர்தான் இவர்களுக்குப் பெரும்பாலும் பாட்டு எழுதுவார். பத்தொன்பது வயதில் இதை ஏதோ விண்வெளிக் கற்பனை என்று விட்டிருப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்குப் பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து, படகும் வலையும் மனுஷர்களின் கையும் தார் பூசியது போல் நின்றதைப் பார்த்தாயிற்று. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதும் ஆயிற்று. ராக்கெட் யாருக்கும் வரவில்லை, கிடைத்த வண்டியில் ஏறினார்கள். அதற்குப் பிறகு இந்தப் பாட்டைக் கற்பனை என்று என்னால் கேட்க முடியவில்லை.

முதல் முறை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இவ்வளவு நேரம் நான் சொன்ன அந்த 69-ம் 35-ம் அந்தக் குட்டி ஸ்பீக்கரில் வராது. மேல்சுரங்களை வைத்துக் காதுதான் ஊகித்துக்கொள்ளும். கனத்துக்குப் பதில் கனத்தின் வரைபடம் கிடைக்கும். சுமாரான ஹெட்போன் போதும். வரிசையாகவும் கேட்க வேண்டாம். 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' முதலில். அது குதிரை ஓட்டம், அதில் பில் வார்டின் டிரம்ஸை மட்டும் ஒரு முறை தனியாகப் பின்தொடருங்கள், கிட்டாரை விட்டுவிட்டு. பிறகு 'சாலிட்யூட்', உடனே 'இன்டு தி வாய்ட்'. பிடித்திருந்தால் மற்றதுக்கு வாருங்கள்.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டு அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டேன். பாடுகிறவர் யார், எந்த ஊர் என்றெல்லாம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. "நம்ம அம்பது டன் பிரஸ்ஸு ஓடுற மாதிரி கீதுடா" என்றார். நான் ஐயோமியின் கதையைச் சொன்னேன். கடைசி நாள், வராத ஆப்பரேட்டர், பாட்டில் பிளாஸ்டிக், தோல் துண்டு எல்லாம். பாதியில் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"அந்தப் பையனுக்கு ஈஎஸ்ஐ பிடிச்சிருந்தாங்களாமா?" என்றார்.